முப்பத்தேழாம் வளைவில் மைத்துனனின் கை

காருக்கும் கல்சுவருக்கும் நடுவே என் மைத்துனனின் வலது கை சிக்கியபோது காலை மணி ஏழு ஐம்பது. முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை தூரத்திலிருந்து மணிக்கட்டு வரை நசுங்கியிருந்தது. அந்தக் கை அவனுக்குத் தங்குமா, போய்விடுமா என்பது தெரிய மூன்று நாட்கள் ஆயின. அன்று நான் செய்த ஒரு காரியம் வெளியே சொல்லத் தக்கதல்ல. அதை விட்டுவிட்டு எழுதுவதானால் இதை எழுதவே வேண்டியதில்லை.

நான் சேந்தமங்கலத்தில் நில அளவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவளுக்காக வீட்டை மேலேயே வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் எழுபது வளைவுகள் இறங்கி, மாலையில் எழுபது வளைவுகள் ஏறுவேன். பழைய கார் அந்த ஏற்றத்தில் முதுகெலும்பு ஒடிந்த மாடு போல முனகும். நாற்பத்தெட்டாவது வயதில், வேறொருவர் ஓட்டி விற்ற டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது அது முதுகைப் பிடித்து இருக்கையோடு அழுத்தும். அந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது.

மைத்துனன் என் மனைவிக்கு இளையவன், நாற்பது வயது. நாமக்கல்லில் லாரி டர்போ வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். இருபது வருடமாக லாரி தவிர வேறு எதையும் தொட்டதில்லை. கார் வேலையும் எடுக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் கார்தான் முதல் கார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் சிரித்தான்.

"இது பைப்பாங்க மச்சான். சளி புடிச்ச மூக்கு. புகை வெளிய போக வழி உட்டாத்தான உள்ள காத்து வரும்."

டர்போவிலிருந்து வால் வரைக்கும் இருந்த குழாயை எடுத்துவிட்டு, மூன்று அங்குலக் குழாய் வளைத்துப் பொருத்தினான். நடுவில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று இருந்தது. அதையும் அறுத்து எறிந்தான். அது சட்டப்படி இருக்க வேண்டியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் நின்றேன்.

டர்போ வேலை செய்யும் விதம் எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். அழுத்தம் அளவை எட்டியதும் ஒரு சிறிய கதவு திறந்து, புகையில் ஒரு பங்கைச் சக்கரத்தில் படாமல் வேறு வழியாக வெளியே விடும். அந்தக் கதவின் துளை, காரோடு வந்த குழாய்க்குத் தக்கபடி வைக்கப்பட்டது. பின்னால் தடை குறைந்தால் சக்கரம் வெறிபிடித்துச் சுற்றும். கதவு முழுதாகத் திறந்தாலும் அந்தத் துளை போதாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஸ்டியரிங் பக்கத்தில் நான் ஒட்டவைத்த அழுத்த மீட்டர் காட்டிய எண்கள்தான்.

பழைய குழாயில் அழுத்தம் 0.9 பார். அதற்கு மேல் முள் போனதே இல்லை. புதுக் குழாய் போட்ட மறுநாள் 1.1. பனி விழுந்த ஒரு காலையில் 1.2. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. முள் இன்னும் மேலே போகும். மூன்று எண்களையும் தேதி, வளைவு எண்ணோடு எழுதி வைத்தேன். எழுதி வைத்துவிட்டதாலேயே அது என் கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்விட்டு நானும் மனைவியும் மாலையில் ஏறிக்கொண்டிருந்தோம். மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது, காற்று சில்லென்று இருந்தது. பதினெட்டாம் வளைவு தாண்டி நேர்ச் சாலை கொஞ்சம் நீளம். அழுத்தி மிதித்தேன். மனைவி எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முள் 1.3-ஐத் தொட்ட நொடியில், சுவரில் மோதியது போல் கார் நின்றது. நிற்கவில்லை, எஞ்சின் உடைந்துவிடாமல் இருக்கக் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டிவிட்டது. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னாலிருந்து லாரி இடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி கார் மறுபடி பாய்ந்தது.

பாட்டிலின் வாய் அவள் மேல்பல்லில் அடித்திருந்தது. முன்பல் ஒன்று குறுக்காக உடைந்து, உதடு கிழிந்து, ரத்தமும் தண்ணீரும் சேலை முழுக்க. பின்சீட்டுப் பையிலிருந்து வெங்காயம் உருண்டு என் பிரேக்குக்கு அடியில் வந்தது. ஓரமாக நிறுத்தினேன். அவள் பல் துண்டைத் துப்பி, உள்ளங்கையில் வைத்து, என் முகத்துக்கு நேராக நீட்டினாள். வீடு சேரும் வரை அந்தக் கையை மடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் பிசிறின.

"உன்ற பைப்பு என்ற பல்ல ஒடைச்சுப்போட்டுது. வந்து வண்டிய எடுத்துட்டுப் போ. சரி பண்ணுவியோ, பள்ளத்துல தள்ளுவியோ. அது எகிறாதுன்னு தெரியற வரைக்கும் நான் அதுல காலு வெக்க மாட்டேன்."

அவன் அடுத்த நாளே வந்தான். அக்காள் வாயைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. அவளிடம் சிரித்துப் பேச முயன்றான்; அவள் உள்ளே போய்விட்டாள். நான் அவனிடம் ஒரு தாள் கொடுத்தேன்: இரண்டாவது கியர், எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரத்து அறுநூறு சுற்று, 1.3 பார், இழுவை முற்றிலும் நின்றது. அவன் கடைசி வரியை மட்டும்தான் படித்தான். இழுவை நின்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம் என்றான். காற்று கூடிப்போனதுதான் கோளாறு, முள்ளைப் பார் என்றேன். லாரியில் இரண்டு பாருக்கு மேல் ஓடுகிறது, இது ஒன்றேகால் என்று சிரித்தான். இருபது வருடத் தொழிலுக்கு எதிரே என்னிடம் ஒரு தாள்தான் இருந்தது. அவன் காரை நாமக்கல்லுக்கு எடுத்துப்போனான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பேருந்தில் மலை இறங்கி, அடிவாரத்தில் காத்திருந்தேன். ஏழு மணிக்குக் காரோடு வந்தான். என்ன செய்தாய் என்று கேட்டேன். ஓட்டிக் காட்டுகிறேன், பிறகு கேளுங்கள் என்றான். நாமக்கல்லிலிருந்து வரும்போது ஒரு இடத்தில்கூட அன்று போல வெட்டி அடிக்கவில்லையாம். குதிரை மாதிரி வருகிறதாம். மேலே போய் அக்காளை உட்கார வைத்து ஒரு சுற்று அழைத்துப்போன பிறகுதான் சோறு தின்பேன் என்றான். பேச்சு விளையாட்டாக இருந்தாலும் முகம் அப்படி இல்லை.

அவன் ஓட்டினான். லாரிக்காரர்கள் ஓட்டுவது போலவே: வலது முழங்கை ஜன்னலுக்கு வெளியே, அந்தக் கையின் இரண்டு விரல் ஸ்டியரிங்கில், இடது கை கியரை விட்டு நகராது. எஞ்சினைக் கத்த விடமாட்டான். இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று வந்ததும் அடுத்த கியர். உண்மையில் கார் அற்புதமாக இழுத்தது. இரண்டாயிரம் சுற்றிலேயே முள் 0.8 காட்டியது, முன்பு அந்த இடத்தில் 0.4 கூட இருக்காது. அவன் என் பக்கம் திரும்பி புருவத்தைத் தூக்கினான். முதல் முப்பது வளைவுகள் வரை நான் மகிழ்ச்சியாகவே எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆனால் என் தாளில் இருந்தது நாலாயிரத்து அறுநூறு சுற்று. அந்த எண்ணில் அடிக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சரியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது கியரிலேயே வைத்து ஐயாயிரம் வரை போ என்றேன். எதற்குக் கத்த விடவேண்டும் என்றான். மறுபடி சொன்னேன். வண்டி இழுக்கிறதல்லவா, அது போதாதா என்றான். முப்பத்தாறாம் வளைவில் மூன்றாம் முறை சொன்னேன்.

"பயமா இருந்தா எறங்கிக்கோ. நானே ஓட்டிப் பாத்துக்கறேன்."

இதை நான் சொன்னேன். அவன் கியரை இரண்டிலேயே வைத்தான். முப்பத்தேழாம் வளைவைச் சுற்றி வந்ததும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தான்.

மூவாயிரத்து நானூறு சுற்றிலேயே முள் 1.3-ஐத் தாண்டியது. நான் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தேன். கார் அடித்தது. பெல்ட் என் கழுத்தை அறுத்தது. நின்றது, பாய்ந்தது, நின்றது, பாய்ந்தது. ஏற்றத்தில் லாரி எஞ்சின் மூச்சு வாங்கினால் காலை எடுக்கக் கூடாது, மிதித்துப் பிடிக்க வேண்டும்; அது அவன் காலில் ஊறிய பழக்கம். காலை எடுக்கவில்லை. மூன்றாவது பாய்ச்சலில் முன்சக்கரங்கள் ஸ்டியரிங்கை அவன் இரண்டு விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டன; பிடி இழந்த முன்கை முழுதும் ஜன்னலுக்கு வெளியே போனது. கார் சாலையைக் குறுக்கே வெட்டி, வலது பக்க மலைச்சரிவுக்குக் கட்டியிருந்த கல்சுவரில் போய் உரசியது. உரசிக்கொண்டே பத்து அடி ஓடியது. அந்தப் பத்து அடியும் அவன் கை வெளியே இருந்தது.

சத்தம் இரண்டு வகையாகக் கேட்டது. தகரம் கிழியும் சத்தம் ஒன்று. மற்றொன்றை நான் எழுதப் போவதில்லை.

அவன் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. பிறகு மெதுவாக, "மச்சான், கைய எடுங்க, கைய எடுங்க" என்று சொல்லத் தொடங்கினான். ஏதோ நான் என் கையை அவன்மேல் வைத்திருப்பது போல. கதவுக்கும் சுவருக்கும் நடுவே கை இறுகியிருந்தது. நான் என் பக்கம் இறங்கி, காரைத் தள்ளினேன். இம்மி அசையவில்லை. ரிவர்ஸ் எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எடுத்திருந்தால் கை அறுந்து சாலையில் விழுந்திருக்கும்.

மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் வேன் ஒன்று இறங்கி வந்தது. மலைமேல் திருப்புலி நாட்டு ஊர்க்காரர்கள், மூன்று பேர். கிழங்கை ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோகிறவர்கள். அதில் மூத்தவருக்கு என் வயது இருக்கும். அவர் எதுவும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். சுவருக்கும் காரின் முன்சக்கரத்துக்கும் இடையில் செருகி, ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். மற்ற இருவரும் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்துவதற்குப் பிடித்தார்கள். நான் எங்கே பிடிப்பது என்று கேட்டேன்.

"நீங்க அந்தாளு தலையப் புடிங்க. கையப் பாக்க உடாதீங்க."

நான் என் பக்கக் கதவு வழியாக உள்ளே போய் அவன் தலையை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். கடப்பாரை மேல் அவர் தொங்கினார். கார் ஒரு சாண் நகர்ந்தது. அப்போதுதான் அவன் கத்தினான். அந்த மாதிரி ஒரு குரலை மனிதனிடமிருந்து நான் கேட்டதில்லை. என் விரலைக் கடித்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்து முழங்கைக்கு மேலே கட்டி, ஒரு மரவள்ளிக் குச்சியைச் செருகி முறுக்கினார். ரத்தம் பீறிடுவது நின்று, வழிவதாகக் குறைந்தது.

கிழங்கு மூட்டைகளின் மேல் அவனைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். கையை அவர் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வேன் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மூட்டைகள் நகர்ந்தன, அவன் முனகினான். முப்பதாம் வளைவு பக்கம் அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"மச்சான், போல்ட்டு வெச்சிருக்கேன்."

எங்கே என்று கேட்டேன்.

"கதவுக்குப் போற ஓஸுல. லாரிக்கு வெக்கறாப்புல. கதவு தொறக்காது."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. டர்போவில் இருக்கும் அந்தச் சிறிய கதவைத் திறக்க வைப்பது ஒரு சின்ன ரப்பர் ஓஸ் வழியாக வரும் காற்றழுத்தம். மலை ஏற லாரி முக்குகிறது என்று டிரைவர்கள் வந்து நின்றால், அந்த ஓஸுக்குள் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டுவிடுவார்கள். கதவு மூடியே கிடக்கும், காற்று ஏறும், டீசல் எஞ்சின் அதைத் தின்றுகொண்டு மலை ஏறும். அவர்கள் பட்டறைகளில் இது வைத்தியம். என் காரில் கதவு முழுதாகத் திறந்தும் போதாமல் இருந்தது. அவன் அதை ஒரேயடியாக அடைத்துவிட்டான். கியரைச் சீக்கிரம் மாற்றும் அவன் ஓட்டத்தில் அது தெரிய வாய்ப்பே இல்லை. என் மனைவியை உட்கார வைத்து, இதே வளைவுகளில் இந்தக் காரை நான் ஓட்டியிருப்பேன்.

நான் அவனை அறைந்தேன். மடியில் கிடந்த தலையை, இடது கன்னத்தில், முழுக் கையால். அவன் தலை மூட்டையின் மேல் போய் இடித்தது. மறுபடியும் கையை ஓங்கினேன். கிழங்குக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒரே முறுக்கில் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஏனுங்க, இன்னொருக்கா கையத் தூக்குனா உங்களத் தள்ளி உட்டுட்டுப் போயிருவோம். கெழங்குக்காச்சும் எடம் ஆவும்."

மீதி வளைவுகள் முழுக்க அவர் என் மணிக்கட்டை விடவில்லை. ஒரு கையில் என் கை, மற்றொரு கையில் அவன் கை. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. என் மற்றொரு கை அவன் தலையைத் தாங்கியிருந்தது; அதைத் துடைக்க எனக்குக் கை இல்லை.

நாமக்கல்லில் கட்டுப் போட்டு சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு மணி நேரம் ஆபரேஷன். எலும்பில் தகடுகள், ரத்தக்குழாய் ஒன்றைக் காலிலிருந்து எடுத்து வைத்துத் தைத்தார்கள். நரம்பைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூன்று நாள் விரல்கள் கறுக்காமல் இருந்தால் கை இருக்கும். கறுத்தால் முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்துப்போய் மறுபடி சிவக்கும், அது இரண்டு நொடிக்குள் நடக்க வேண்டும் என்று நர்ஸ் காட்டினார். எனக்கு அங்கே செய்ய முடிந்த ஒரே வேலை அது. மணிக்கொரு முறை ஐந்து நகங்களையும் அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். கட்டை விரல் மூன்று நொடி. ஆட்காட்டி விரல் மூன்று. நடு விரல் நான்கு. மோதிர விரல் ஐந்து. சுண்டு விரல் ஆறு. அவன் விழித்திருந்தால் கூரையைப் பார்ப்பான்.

மனைவி அன்று இரவு வந்தாள். யார் ஓட்டியது, எப்படி நடந்தது என்று கேட்டாள். நான் வரிசையாகச் சொன்னேன். மூன்று முறை ஐயாயிரம் கேட்டதையும், கடைசியில் இறங்கிக்கொள் என்றதையும் மறைக்கவில்லை. அறைந்ததைச் சொல்லவில்லை. அவள் தம்பியின் நகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே வராந்தாவுக்கு வந்து, உடைந்த பல்லோடு, நிதானமாகப் பேசினாள்.

"உங்களுக்கு நம்பரு வேணும். அவனுக்குப் பேரு வேணும். என்ற பல்லு போனதோட ரெண்டு பேரும் நிறுத்தியிருக்கலாமில்லீங்க."

இரண்டாம் நாள் கிழங்குக்காரர் விசாரிக்க வந்தார். ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்திருந்தார். வெளியே மனைவியோடு கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அவள் உள்ளே வந்தாள்.

"அடிச்சீங்களாமா."

ஆமாம் என்றேன்.

"கை நசுங்கிக் கெடந்தவனை."

ஆமாம் என்றேன். எதையாவது எடுத்து எறிவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கட்டிலை ஒருமுறை பார்த்தாள். அவன் விழித்துத்தான் இருந்தான், நாங்கள் பேசியது கேட்டிருந்தது.

"அது உங்க ரெண்டு பேரு பாடு. நான் நடுவுல வர மாட்டேன்" என்றாள்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குச் சுண்டு விரல் இரண்டு நொடிக்கு வந்தது. ஐந்து மணிக்கும் அதே இரண்டு. டாக்டர் பார்த்துவிட்டு, கை இருக்கும் என்றார். எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பது வேறு கேள்வி. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் ஊசி குத்தினால் அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலே போகலாம், ஆறு மாதம் பார்க்க வேண்டும் என்றார். ஒரு மெக்கானிக்குக் கையில் பிடி இல்லாவிட்டால் கை இருந்தும் பயன் இல்லை. அதை யாரும் அவனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நொறுங்கிய காரை அவனுடைய பட்டறைக்கே இழுத்து வந்திருந்தார்கள். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லி அனுப்பினேன். போடக் கூடாது என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து அவனே கூப்பிட்டான், விபத்துக்குப் பிறகு முதல் முறையாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னான்.

போனேன். அவன் கை கழுத்துத் தூளியில் தொங்கியது. டர்போவைக் கழற்றி, வைஸ் இடுக்கியில் மாட்டி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு அரம், ஒரு அளவுகோல். கதவின் துளை இருபத்து நான்கு மில்லிமீட்டர், அதை இருபத்தெட்டாக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சுவர் கிழிந்துவிடும் என்றான். இதற்கிடையில் யாரிடமெல்லாமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். துளைக்குத் தக்க பெரிய மூடி ஒன்றை லேத்தில் சொல்லிக் கடைந்து வாங்கியிருந்தான். குழாயிலும் நடுவில் சுத்தம் செய்யும் பெட்டியைப் புதிதாக வைத்துப் பற்றவைக்கச் சொல்லியிருந்தான். ஓஸிலிருந்து எடுத்த போல்ட் அரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அரத்தை எடுக்கச் சொன்னான். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ராவினேன். வார்ப்பிரும்பு லேசில் தேயாது. கை கொப்பளித்தது, கொப்பளம் உடைந்தது. அவன் வாய் ஓயவில்லை.

"அது என்னங்க மச்சான், அம்மியா? சுத்திச் சுத்தி ஒரே எடத்துல தேய்க்கறீங்க. நெலத்த அளக்கறவருக்கு வட்டம் தெரியலயே."

இருபத்தேழரையில் நிறுத்தலாமா என்று கேட்டேன். உங்களுக்கு நம்பர்தானே வேண்டும், இருபத்தெட்டு என்றான். பேச்சில் முள் இருந்தது. எடுத்துக்கொண்டேன். ஒருமுறை அவனே அரத்தை வாங்கி வலது கையில் பிடித்துப் பார்த்தான். மூன்று விரல் மடங்கியது, இரண்டு நின்றது. அரம் நழுவிக் காலில் விழுந்தது. ஸ்டூலை எட்டி உதைத்தான். அது போய்த் தகரக் கதவில் மோதியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஸ்டூலை எடுத்துவந்து போட்டேன், அவன் உட்கார்ந்தான், நான் ராவினேன்.

நசுங்கிய கதவும் பம்பரும் மாற்றி, எஞ்சினைச் சோதித்து, எல்லாம் சேர்ந்து கார் ஓடத் தயாரானபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. குளிர்காலம். அதுதான் வேண்டும் என்றான் அவன். குளிரில் ஏறாத முள் வெயிலிலும் ஏறாது. நான் தனியாக எடுத்துப்போனேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டாவது கியரில், ஒவ்வொரு நேர்ச் சாலையிலும் ஐயாயிரம் வரை மிதித்தேன். முப்பத்தேழாம் வளைவில் கால் அழுத்த மறுத்தது. திரும்பிக் கீழே போய், மறுபடி ஏறி, அங்கேயும் மிதித்தேன். முள் 0.95-ல் ஏறி நின்றது. கார் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

நேராகப் பட்டறைக்கு வந்தேன். மனைவியும் அங்கே வந்திருந்தாள், தம்பியை டாக்டரிடம் அழைத்துப்போக. நான் தாளை நீட்டினேன். அவன் இம்முறை எல்லா வரிகளையும் படித்தான். மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"கிட்ட வாங்க மச்சான்."

போனேன். எழுந்து நின்று, வலது கையை ஓங்கி என்னை அறைந்தான். அறை என்று சொல்ல முடியாது. விரல்கள் முழுதாக விரியாததால் முட்டிகள் தாடை எலும்பில் வந்து இடித்தன. என் உதட்டின் உள்பக்கம் கிழிந்தது. அவனுக்குத்தான் அதிகம் வலித்திருக்க வேண்டும். கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்துவிட்டான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மனைவி பெஞ்சிலிருந்து எழவில்லை.

அவன் குனிந்தபடியே கையை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். இடது கையால் மோதிர விரலைத் தடவினான். பிறகு அக்காளைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, மோதர வெரல்ல சுருக்குன்னுது. இவரு தாடை பட்டது தெரிஞ்சுது."

அவள் எழுந்து வந்தாள். அந்த விரலைப் பிடித்து, நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். தெரிகிறதா என்றாள். அவன் யோசித்தான். இல்லை என்றான். இன்னும் பலமாகக் கிள்ளினாள். இல்லை. மூவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னொருக்கா அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றான்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு வாகாக இடது கன்னத்தைத் திருப்பி நின்றேன்.